அறிமுகமா ரெண்டு வார்த்தை

சார், கொஞ்சம் நகந்து உக்காருங்க. இல்ல இல்ல, ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு இந்த ஓரம்தான் தோது. கீழ்ப்பூண்டி கூட்ரோட்டுல எறங்கணும், பொசுக்குனு எந்திரிக்க வசதியா இருக்கணும் பாருங்க. இந்தப் பை உங்க கால்ல இடிக்குதா? சாத்துக்குடி, டவுன்ல வாங்கிக்கினு வரேன். மடியிலயே வெச்சுக்கறேன்.

டிரைவர் ஏன் இப்படி உருட்டிக்கினு போறாரு? ஆளு ஏறாத ஸ்டாப்புல எல்லாம் நிறுத்தறாரு. சரி, போவட்டும். மெதுவாவே போவட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

என்னை எங்கியோ பாத்தா மாதிரி இருக்கணுமே உங்களுக்கு? மைக் வேதாசலம். இல்லயா? அப்ப நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்ல. ரேஷன் கடையில எடை போட்டு ரிட்டயர் ஆனவன்தான், ஆனா ரேஷன் கடை வேதாசலம்னு சொன்னா யாருக்கும் தெரியாது. இந்தச் சுத்துவட்டாரத்துல கும்பாபிஷேகமா, காதுகுத்தா, மஞ்சத்தண்ணியா, படத்திறப்பா, எதுவா இருந்தாலும் மைக்கு எங்கையிலதான். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே"ன்னு நான் ஒரு எடுப்பு எடுத்தா பந்தியில உக்காந்தவன் எலையை விட்டுட்டு எட்டிப் பாப்பான். பீத்திக்கலை சார். ஊரு சொல்றது.

எனக்கு ஒரு கொறை இருக்குது. உங்ககிட்ட சொல்றதுல இன்னா, நீங்க யாரோ நான் யாரோ. தேசம்மான்னு ஒரு பொம்பள. தங்கச்சி மாதிரி. தங்கச்சியேதான்னு வெச்சுக்கங்க. என் சிநேகிதன் கன்னியப்பன் சம்சாரம். நாலு மாசமா நான் வாரா வாரம் அந்த வூட்டுக்குப் போறேன், வரேன். ஒரு சொம்பு தண்ணி குடுக்கறதில்ல சார். வாங்கண்ணேன்னு ஒரு வார்த்தை கிடையாது. நான் உள்ள நொழஞ்சா அவ தோட்டத்துப் பக்கம் போயிடறா. நான் இன்னா பண்ணிட்டேன்? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நியாயம் எங்க இருக்குன்னு மூணாவது மனுஷனுக்குத்தான் தெரியும்.

கன்னியப்பன் உடுக்கைப் பாட்டுக்காரன். நீங்க கேட்டிருக்கீங்களோ இல்லியோ. ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறப்ப, இடது கையில உடுக்கையை வெச்சு, அந்தக் கயித்தை அமுக்கி அமுக்கி அடிச்சுக்கினு, சாமியைக் கூப்பிட்டு வர்ணிச்சுப் பாடுவாங்க. அவன் பாடினா கல்லு மாதிரி நிக்கற ஆளுக்குக்கூட அருள் வந்துரும். அப்படி ஒரு தொண்டை. ஆனா ஒண்ணு, நான் அறிவிக்காம அவன் வாயத் தொறந்ததே இல்ல. பசங்களா இருந்த காலத்துலேர்ந்து அப்படித்தான். "இப்போது உங்கள் முன்னால்"னு நான் சொல்லணும், அவன் டும்முனு ஒரு தட்டு தட்டணும்.

அந்தத் தொண்டையில கட்டி வந்துருச்சு சார்.

பாண்டிச்சேரியில பெரிய ஆஸ்பத்திரியில பாத்தாங்க. குரல்வளையையே எடுத்துரணும், இல்லேன்னா ஆளு தங்க மாட்டாருன்னுட்டாங்க. உசுரு இருக்கும், பேச்சு இருக்காது. கன்னியப்பன் சரின்னு தலையாட்டிட்டான். நான்தான் அழுதேன். டாக்டர் முன்னாடியே அழுதேன்.

அப்பத்தான் பூங்காக்காரங்களுக்கு இந்த விஷயம் தெரிஞ்சுது. ஏரிக்கரையில ஒரு சிற்பப் பூங்கா இருக்குது, பாத்திருப்பீங்க, ரோட்டுலேர்ந்தே தெரியும். பழைய சைக்கிள் செயினுல ஒரு மாடு செஞ்சு நிறுத்தியிருப்பாங்க. கலப்பையை எல்லாம் ஒட்டவெச்சு ஒரு பறவை. மழையில துரு ஒழுகிக்கினு நிக்கும். அதுதான் அழகுன்றாங்க, நமக்கு இன்னா தெரியும். ஹேமலதான்னு ஒரு மேடம்தான் நடத்துது. நல்ல பொண்ணு, கையெல்லாம் வெல்டிங் தழும்பு. அது கன்னியப்பன் பாட்டைக் கோயில்ல கேட்டு மயங்கிப்போன பொண்ணு. "அவர் வைத்தியத்துக்கு நாங்க ஒரு கச்சேரி வைக்கறோம், மண்ணோட இசைன்னு பேரு, மெட்ராஸ்லேர்ந்து ஜனங்க வருவாங்க. கடைசியில அவரே பாடட்டும்"னு சொல்லிச்சு. ஆபரேஷனுக்கு மொத நாளு.

இங்கதான் நீங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இந்த உடுக்கைக்காரங்க வூட்டுக்குள்ள உடுக்கையை எடுக்கவே மாட்டாங்க. அடிச்சா சாமி வந்துரும், வந்த சாமியை வூட்டுல வெச்சுக்கினு இன்னா பண்றது? அப்படி ஒரு கட்டு. கோயில்ல பாடலாம், ஆனா கோயில்ல சாமியைத் தவிர வேற யாரையும் பாடக் கூடாது. தேசம்மாவோ, ராத்திரி கோயிலுக்கு வந்து உக்கார்ற பொம்பளை இல்ல. மாடு, புள்ளைங்க, மாமியாருக்குப் பக்கவாதம், இதுக்குள்ளயே அவ காலம் போச்சு. புருஷன் பாடி அவ கேட்டதே இல்ல. ஊரே கேட்டுது, அவ கேக்கல.

கன்னியப்பன் எங்கிட்ட சொன்னான். "வேதா, அந்தப் பூங்கா கோயிலும் இல்ல, வூடும் இல்ல. அங்க நான் யாரை வேணா பாடலாம்டா. அவளைப் பத்தி ஒண்ணு கட்டி வெச்சிருக்கேன். அவளை முன்னாடி உக்கார வெச்சு, உடுக்கையோட, ஒரே ஒரு தபா பாடிட்டு அறுத்துக்கப் போயிடறேன்"னான். அந்த ஒரு பாட்டுக்காக அவன் பத்து நாளா யார்கிட்டயும் பேசல. சைகைதான். தொண்டையை மிச்சம் புடிச்சு வெச்சிருந்தான். "நீ மட்டும் அறிமுகத்தைச் சுருக்கமா வெச்சுக்கடா"ன்னும் சொன்னான். நானும் சரின்னேன். ரெண்டே வார்த்தைன்னேன். அந்த மாதிரி நேரத்துல நீட்டி முழக்க நான் இன்னா அறிவு கெட்டவனா?

இது எந்த ஸ்டாப்பு? மணப்பாக்கமா? சரி சரி. இன்னும் இருக்குது.

கச்சேரிக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாங்க. ஏரியில பறவைங்க வந்து அடையுது, அதனால பொழுது சாயற வரைக்கும்தான் சத்தம் போடலாம்னு ஃபாரஸ்ட்காரங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க. மேடம் எங்கிட்ட அதைச் சொல்லிச்சு. அதுவும் ஒரு பத்து தபா சொல்லிச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. மேடை ஏறாத ஆளா நானு?

கூட்டம்னா கூட்டம் சார். மெட்ராஸ்காரங்க பாய் விரிச்சு, தண்ணி பாட்டிலும் தொப்பியுமா உக்காந்துட்டாங்க. நம்ம ஊரு ஜனங்க இந்தப் பக்கம், சேரு போட்டு. தேசம்மா மொத வரிசையில. கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவை கட்டிக்கினு வந்திருந்தா. கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம மடியில வெச்சு, முந்தானைய முறுக்கிக்கினு. மொதல்ல பறை அடிச்சாங்க, காலேஜ் பசங்களும் பொண்ணுங்களும். அப்பறம் ஒரு நையாண்டி மேளம். எல்லாம் நேரத்துக்கு முடிஞ்சுது. அதுக்கு மேடமே கூப்பிட்டு நன்றி சொல்லிச்சு எனக்கு. பொழுது நல்லா மேலதான் இருந்துது.

கன்னியப்பன் மேடை ஏறினான். வேட்டி, மேல துண்டு, நெத்தி நெறய திருநீறு. ஓரமா நின்னு உடுக்கையோட தோலை விரலால சுண்டிப் பாத்துக்கினு இருந்தான். நான் மைக்கை எடுத்தேன். ரெண்டு வார்த்தைதான் சார். சத்தியமா ரெண்டு வார்த்தைன்னுதான் எடுத்தேன்.

அதுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு வருது. சேரு குடுத்த சௌந்தர பாண்டியன் வந்திருக்காரு, பேரைச் சொல்லுங்கன்னு. சொல்லாம விட முடியுமா? உங்களுக்குத் தெரியாது சார் எங்க ஊரு சமாச்சாரம். ஒரு வருஷம் திருவிழாவுல டியூப்லைட் போட்டவர் பேரை விட்டுட்டேன். அடுத்த வருஷம் அவரு பங்காளிங்க மொத்தமும் தனியா ஒரு திருவிழாவே நடத்தினாங்க. அவ்ளோ இருக்குது ஒரு பேருக்குள்ள. சௌந்தர பாண்டியனைக் கூப்பிட்டா, சும்மா கூப்பிட முடியுமா? பொன்னாடை போத்தணும். அவருக்குப் போத்தினா, ஊராட்சித் தலைவர் கீழ உக்காந்து பாத்துக்கினு இருக்காரு. அவரை வுட்டுட்டு சேருக்காரருக்குப் போத்தினா நாளைக்கு நான் தெருவுல நடக்கணுமா வேணாமா? அப்பறம் ஜெனரேட்டர் குடுத்தவர். தண்ணி கேன் போட்டவர். மோர் பந்தல் வெச்ச மகளிர் குழுத் தலைவி. எல்லாம் கன்னியப்பனுக்காக ஓசியில செஞ்சவங்க சார். அவன் நல்லா இருக்கணும்னு செஞ்சவங்க. அவங்களை மதிக்கறது தப்பா?

பொன்னாடைய கன்னியப்பன் கையாலயே போத்தச் சொன்னேன். அதுதானே மொறை. அவன் உடுக்கையைக் கக்கத்துல இடுக்கிக்கினு ஒவ்வொருத்தருக்காப் போத்தினான். எங்கிட்ட வந்து சட்டையைப் புடிச்சு இழுத்தான். நான் மைக்கை மூடிக்கினு, இருடா, உன்னைப் பத்தித்தான் சொல்லப் போறேன்னேன்.

அப்பறம் அவனைப் பத்தி. ஒருத்தன் கடைசியாப் பாடப் போறான், அவன் யாருன்னு மெட்ராஸ்காரங்களுக்குத் தெரிய வேணாமா? "கடலுக்கு அலை அழகு, வயலுக்கு வரப்பு அழகு, எங்கள் கீழ்ப்பூண்டி மண்ணுக்கோ என் ஆருயிர் நண்பன் கன்னியப்பனின் கம்பீரக் குரலே அழகு"ன்னு எடுத்தேன் பாருங்க, கைதட்டு. ஏரியிலேர்ந்து கொக்கெல்லாம் எந்திரிச்சுது. கைதட்டு வந்தா மனுஷனுக்கு ஒரு இது வரத்தானே செய்யும்? அவன் பொறந்தது, நாங்க ஒண்ணா மாடு மேய்ச்சது, அவன் மொத மொத பாடினப்ப பூசாரிக்கே அருள் வந்து கெணத்துல குதிச்சது, எல்லாத்தையும் சொன்னேன். சிரிக்கறாங்க, கண்ணத் தொடைக்கறாங்க. பேசி ஒரு கூட்டத்தை அப்படி நான் என் ஆயுசுல கையில வெச்சிருந்ததில்ல.

மேடம் கீழ நின்னு கையைச் சுத்திச் சுத்திக் காட்டிச்சு. நல்லாப் போவுது, நடத்துங்க நடத்துங்கன்னு சொல்லுதுன்னு நான் நெனச்சேன். எங்க ஊர்ல தேர் இழுக்கறப்ப அப்படித்தான் காட்டுவாங்க.

கடைசியா சொன்னேன். "இன்று இவர் பாடப் போவது அம்மனை அல்ல, அய்யனாரை அல்ல, தன் இல்லத்தரசியாம் தேசம்மாளை"ன்னு. அப்படியே கூட்டம் எந்திரிச்சு நின்னு தட்டுது. தேசம்மா முந்தானையால மூஞ்சியைப் பொத்திக்கினா. அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. அவன் சொல்லல. நான்தான் சொன்னேன். அந்த மூஞ்சியை நீங்க பாக்கணும் சார். அவ்ளோ சந்தோஷத்தை அவளுக்குக் குடுத்தது யாரு? அதையும் கொஞ்சம் யோசிக்கணும் இல்ல?

"இப்போது உங்கள் முன்னால்"னேன். அவன் உடுக்கையைத் தூக்கினான். மைக்கு செத்துப் போச்சு.

ஃபாரஸ்ட் வாச்சரு ஜெனரேட்டர்கிட்ட நிக்கறாரு. பொழுது எறங்கிப் போச்சு, ஏரி முழுக்கப் பறவை, மரம் மரமா வெள்ளை. மேடம் ஓடிப் போய்க் கெஞ்சுது. ஒரே ஒரு பாட்டு சார், ஒரே ஒரு பாட்டுன்னு கையைப் புடிச்சுக்கினு கெஞ்சுது. அந்தாளு நல்ல ஆளுதான். "நானே வுட்டாலும் நாளைக்கு என் வேலை போயிடும்மா, எவ்ளோ நேரம் பொறுத்தேன் நானு"ன்னு அவரும் கண்ணைத் தொடைக்கறாரு.

நான் கன்னியப்பன்கிட்ட, மைக்கு இல்லாமப் பாடுடா, மெதுவாப் பாடுன்னேன். அவன் என்னைப் பாத்தான். வாயத் தொறந்தான். பத்து நாளா மூடி வெச்ச தொண்டை, பனிக்காத்துல அவ்ளோ நேரம் நின்னதுல அடைச்சுக்கிச்சோ, மனசு ஒடைஞ்சதுல அடைச்சுக்கிச்சோ. காத்துதான் வந்துச்சு. உடுக்கையைத் துண்டுல சுத்திக்கினு எறங்கிட்டான்.

தேசம்மா மொத வரிசையிலயே உக்காந்திருந்தா. "முடிஞ்சுடுச்சாண்ணே? அவரு பாடிட்டாரா?"ன்னு எங்கிட்ட கேட்டா. அவளுக்கு கச்சேரின்னா எது வரைக்கும்னே தெரியல பாவம்.

விடிகாலையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. வைத்தியத்துக்கு வேண்டியது வந்து சேந்துச்சு, அதுல ஒரு கொறையும் இல்ல. நான் பேசின பேச்சுக்குத்தான் அது வந்துச்சுன்னு நெறைய பேர் சொன்னாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியா மூச்சு விடறான். நல்லா இருக்கான் சார். ரெண்டு இட்டிலி சாப்பிடறான், நடக்கறான். நான் வாராவாரம் போயி அவன் எதிர்ல உக்காந்து ஊரு நடப்பெல்லாம் சொல்றேன். இன்னி வரைக்கும் அவன் என்னை ஒரு வார்த்தை கொறை சொன்னதில்ல. ஒரு வார்த்தை! அவனே ஒண்ணும் சொல்லாதப்ப இவளுக்கு இன்னா கோவம்?

மேடமும் இப்ப போனை எடுக்கறதில்ல. போன மாசம் அங்க இன்னொரு கச்சேரி. வேற யாரோ ஒரு பொண்ணை வெச்சு அறிவிச்சாங்களாம். பேரைச் சொல்லிச்சாம், போயிடுச்சாம். அதுக்குப் பேரு அறிவிப்பா? ரயில்வே ஸ்டேஷன்ல சொல்ற மாதிரி!

கண்டக்டர், கீழ்ப்பூண்டி வந்தா சொல்லுப்பா. இன்னும் ரெண்டு ஸ்டாப்பா? அவ்ளோதானா?

இல்ல சார், வேர்வை ஒண்ணுமில்ல. காத்து வரல இன்னிக்கு.

போன வாரம் தேசம்மாவே என் வூட்டுக்கு வந்தா. நாலு மாசமா மூஞ்சி குடுக்காதவ, வாசப்படியில வந்து நிக்கறா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உள்ள வாம்மான்னேன். வரல. நின்னுக்கினே சொன்னா. "அண்ணே, அந்தப் பாட்டை இன்னான்னு அவர்கிட்ட கேட்டுக் கேட்டுப் பாத்தேன். வாயசைக்கறாரு, எனக்கு ஒண்ணும் புரியல. எழுதச் சொன்னா அவருக்கு எழுத்து எங்க வரும்? கோவம் வந்து தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு அழுவறாரு. நேத்து மைக்கு புடிக்கற மாதிரி கையை வெச்சு உங்களை ஜாடை காட்டினாரு. உங்களுக்கு அவரு பாடிக் காட்டினாராமே? ஏரிக்கரையில வெச்சு முழுசாப் பாடிக் காட்டினாராமே? நீங்கதானேண்ணே கேட்டது. எனக்கு ராகம்லாம் வேணாம். சொல்லு போதும். வர ஞாயித்துக்கெழமை வந்து அவர் முன்னாடி எனக்குச் சொல்லுங்க"ன்னா. கையெடுத்துக் கும்பிட்டா சார் என்னை.

ஆமா. பாடிக் காட்டினான். உடுக்கை இல்லாம, தொடையில தட்டிக்கினு, மெல்லிசா. கச்சேரிக்கு ரெண்டு வாரம் முன்னாடி. எனக்கு மட்டும்தான் பாடினான். ஒலகத்துல வேற யாரும் கேக்கல.

இன்னிக்குத்தான் அந்த ஞாயித்துக்கெழமை.

ஒரு வாரமா நான் தூங்கல சார். அவன் பாடினப்ப எதிர்ல எருமை குளிச்சுக்கினு இருந்துது, அது ஞாபகம் இருக்குது. அவன் சட்டையில மேல் பொத்தான் இல்ல, அது ஞாபகம் இருக்குது. பாட்டு? கொடம்னு ஏதோ வந்துச்சு. கொடம்தானா, கொடியா? பத்த வெச்ச அடுப்புன்னு ஒண்ணு. இல்ல, அது நானா நெனச்சுக்கறதா இருக்கும். ஒண்ணும் வரல சார். ஒண்ணுகூட வரல. அவன் பாடறப்ப நான் இதுக்கு எப்படி எடுப்பு குடுக்கறதுன்னு யோசிச்சுக்கினு இருந்தேன். "கடலுக்கு அலை அழகு" அங்கதான் உதிச்சுது எனக்கு. அதைக் கேளுங்க, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு எழுத்து பெசகாம இப்பவே சொல்றேன். அறிமுகம்னா சும்மாவா சார், பொறுப்பு இல்ல அது? ஒரு தடவை கேட்டதை யாரு ஞாபகம் வெச்சுக்குவா? நீங்க வெச்சுக்குவீங்களா?

நானே ஒண்ணு கட்டிடலாம்னு பாத்தேன். எனக்கா வராது? தேசம்மா, நீ தேயாத நிலவுன்னு ஆரம்பிச்சு, பத்து அடி நேத்தே கட்டிட்டேன். நல்லாத்தான் இருக்குது. முதல்ல முன்னுரையா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு, அப்படியே எடுத்து வுட்டேன்னா அவ அழுதுருவா. சந்தோஷமா அழுவா. யாருக்கு இன்னா தெரியப் போவுது?

அவன் எதிர்ல உக்காந்திருப்பானே சார். கழுத்துல துணியைச் சுத்திக்கினு என் வாயையே பாத்துக்கினு உக்காந்திருப்பான். நான் வேற எதையோ சொல்லுவேன், அவ அவனைப் பாத்து, இதையா என்னைப் பத்திப் பாடினீங்கன்னு கேப்பா. இல்லடா, அது இல்லடா வேதா, நான் அதையாடா பாடினேன்னு அவன் சொல்லணும். சொல்ல முடியாது. என்னைப் பாத்துக்கினே இருப்பான். எனக்குப் பயமா இருக்குது சார். இந்த வயசுல, சிநேகிதன் வூட்டுக்குப் போறதுக்குப் பயமா இருக்குது.

இன்னாப்பா? கீழ்ப்பூண்டியா? இதுவா?

ஆமா, எறங்கணும். இருப்பா. பையி... சார், கொஞ்சம் காலை நகத்துங்க. இல்ல, இருங்க. உக்காருங்க. கண்டக்டர், நீ வெசில் குடுப்பா, வண்டி போவட்டும். நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்துக்கறேன். அடுத்த ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் குடு.

இல்ல, அது வேணாம். கடைசி ஸ்டாப்புக்கே குடு.

நீங்க எதுவரைக்கும் சார்?